அந்தத் துரைசாணி திரும்பிப் போகவில்லை

மகனே,

நலம் விசாரிக்கும் வரிகளை இந்த முறை எழுதப் போவதில்லை. உன் கடிதம் நேற்று மத்தியானம் வந்தது. ஒரு தடவை உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டாம் தடவை எனக்கே வாசித்துக்கொண்டேன். மூன்றாம் தடவை எடுத்தவன் பாதியிலேயே மடித்து வைத்துவிட்டேன். அப்பாவுக்கு வயதாகிவிட்டது, கண் தெரியவில்லை என்று நினைத்துவிடாதே. கோபத்தில் மடித்தேன். "கல்யாணம் வச்சிருக்க வீடு. ஒரு நா ஆறப் போட்டு எழுதுங்க" என்றாள் உன் அம்மா. ஒரு நாள் ஆறப் போட்டுப் பார்த்தேன், ஆறவில்லை. நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஒத்தக்கடைக் கொட்டகைக்குக் கிளம்ப இன்னும் மூன்று மணி நேரம் இருக்கிறது. அதற்குள் எழுதிவிடுகிறேன்.

நீ எழுதியதை உனக்கே திருப்பிச் சொல்கிறேன், அது எப்படி இருக்கிறதென்று நீயே கேட்டுப் பார். உன் தங்கை ராக்கு புருஷன் வீட்டை விட்டு வந்து எங்களோடு இருப்பதற்குக் காரணம் சினிமாவாம். ஆடிக்கு ஆடி அவள் பிறந்த வீட்டுக்கு வரும்போதெல்லாம் நான் அவளைக் கொட்டகைக்குக் கூட்டிப்போய்ப் பெண்கள் பக்கத்தில் உட்கார வைத்தேனாம். பேசும் படங்களைப் பார்த்துப் பார்த்து அவள் புத்தி கெட்டுப்போனதாம். திருச்சியில் உனக்குப் பெண் கொடுக்கிறவர் ஒழுக்கம் காப்பதற்கென்றே ஒரு சபை நடத்துகிறாராம். அவர் காதில் இந்தச் சங்கதி விழுந்தால் உனக்குத் தலைகுனிவாம். ஆகவே தை முகூர்த்தத்துக்கு முன்னால் ராக்குவை எழுமலைக்குக் கொண்டுபோய் அவள் புருஷனிடம் விட்டுவிட வேண்டும். அது முடியாவிட்டால் அவள் மணவறைப் பக்கம் வராமல் வீட்டோடு இருக்க வேண்டும். தாலி முடிச்சுப் போட உன் சிநேகிதனின் தங்கையை நீ ஏற்பாடு செய்துகொள்வாயாம். கடைசியில், மையை மிச்சம் பிடிக்கிறவன் மாதிரி ஓரத்தில் ஒரு வரி: நான் கொட்டகை வாசலில் டிக்கெட் கிழிக்கிற வேலையை விட்டுவிட்டால் எல்லோருக்கும் நல்லதாம். இவ்வளவையும் எழுதிய நீ, ராக்குவின் கை எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சபையார் சர்க்காருக்கு அனுப்பப்போகும் மனுவின் பிரதியையும் பெருமையாக உள்ளே வைத்திருக்கிறாய். அதில் உன் கையெழுத்து நாலாவதாக, வளைவு வளைவாக, அழகாக இருக்கிறது. அதையும் ஒரு வரி விடாமல் படித்தேன். பெண்கள் தலைவிரி கோலமாக ஆடக்கூடாது. மருமகள் மாமியாரை எதிர்த்துப் பேசுகிற காட்சி கூடாது. மனைவி கணவன் பேச்சை மீறிப் படி இறங்குவதைக் காட்டக்கூடாது. காட்டினால் அடுத்த ரீலிலேயே அவள் அதற்காக அழ வேண்டும். இப்படியே இரண்டு பக்கம் போகிறது. தேடித் தேடிப் பார்த்தேன் மகனே, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டும் பார்த்தேன். புருஷன் பெண்டாட்டியை அடிக்கிறதைக் காட்டக்கூடாது என்று ஒரு வரி இல்லை. அடித்தால் அடுத்த ரீலில் அவன் அழ வேண்டும் என்றும் இல்லை. இதற்குப் பெயரா ஒழுக்கம்? படித்தவர்கள் கூடி உட்கார்ந்து எழுதிய மனு இது. இதற்குக் கீழே என் மகனின் கையெழுத்து.

ராக்கு எப்படி வந்தாள் என்பதை உனக்குப் போன கடிதத்தில், கையில் அடிபட்டிருக்கிறது என்று மட்டும் பூசி மெழுகித்தான் எழுதியிருந்தேன். தூரத்தில் இருக்கிறவனை ஏன் கலங்கடிக்க வேண்டும் என்று நினைத்தது என் தப்பு. இப்போது உள்ளபடி எழுதுகிறேன். ஐப்பசியில் ஒருநாள் காலை பஸ்ஸை விட்டு இறங்கி, வலது கையைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு தனியாக நடந்து வந்தாள். முதல் நாள் கேப்பைக் களி கட்டி தட்டிவிட்டதாம். களி கிண்டுகிற துடுப்பை அவள் கையிலிருந்தே பிடுங்கி, அந்தக் கையிலேயே அடித்திருக்கிறான் மாப்பிள்ளை. ஒரு அடி இல்லை. எலும்பு வைத்தியர் பிரித்துப் பார்த்துவிட்டு, நடுவிரலும் மோதிர விரலும் இனி முழுசாக மடங்காது என்று சொல்லிவிட்டார். "வலிக்குதாத்தா?" என்று உன் அம்மா கேட்டாள். "இந்தத் தடவை கொஞ்சம் சாஸ்திம்மா" என்றாள் ராக்கு. இந்தத் தடவை என்றால் மற்றத் தடவைகளும் உண்டு என்றுதானே அர்த்தம்? அவளுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம் ஆகிறது.

ஞாயம் கேட்க எழுமலைக்குப் போனேன். பெரிய மனிதர்கள் நாலு பேர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டே விசாரித்தார்கள். நான் மகளின் விரலைப் பற்றிப் பேசினேன், அவர்கள் என் வேலையைப் பற்றிப் பேசினார்கள். "அண்ணே, கோவிச்சுக்கிறாதீக. கொட்டகைக்காரன் வீட்டுப் பிள்ளை. நாலு படத்தப் பாத்திருக்கும், அதுல ஆடுறவளுக கணக்கா நாமளும் இருக்கலாம்னு மனசு போயிருக்கும். அதான் களி கட்டி தட்டுது" என்றார் ஒருவர். மற்றவர்கள் தலையாட்டினார்கள். அடித்தவன் பக்கத்திலேயே துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றான். ஒரு வார்த்தை அவனைக் கேட்கவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த வெற்றிலைத் தட்டை எடுத்து வீசியிருப்பேன். ராக்கு திரும்பி அங்கேதான் போக வேண்டியிருக்குமோ என்ற பயத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அந்தப் பயத்தை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. மரத்தடியில் அவர்கள் சொன்னதைத்தானே நீ திருச்சியிலிருந்து நல்ல தமிழில் எழுதியிருக்கிறாய்?

இன்னொன்றையும் கேள். அந்த மாப்பிள்ளை மதுரைக்கு எப்போது வந்தாலும் முதல் ஆட்டத்துக்கு என் கொட்டகையில்தான் இருப்பான். மாப்பிள்ளையாயிற்றே என்று பெஞ்சில் இடம் போட்டு, இடைவேளையில் கலர் சோடா வாங்கிக் கொடுத்திருக்கிறேன். ராக்கு பார்த்த அதே படங்களைத்தான் பெண்கள் பக்கத்தைப் பிரிக்கிற தட்டிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அவனும் பார்த்தான். அதிலே பெண்டாட்டி பட்ட பாட்டுக்கு மூக்கை உறிஞ்சி அழவும் செய்தான், நான் பார்த்தேன். படம் பார்த்து அவள் கெட்டாள் என்றால், அதே படம் பார்த்து அவன் ஏன் திருந்தவில்லை? கெடுக்கிற சக்தி மட்டும் சினிமாவுக்கு இருக்கிறது, அதுவும் பெண்களை மட்டும்தான் கெடுக்கும் என்று உங்கள் சபை எந்தச் சாஸ்திரத்தில் கண்டுபிடித்தது?

உன் சபையார் என் கொட்டகையில் என்ன ஓடுகிறது என்று ஒருநாளாவது வந்து பார்த்திருக்கிறார்களா? நான் வாரத்துக்கு ஏழு நாள் வாசலில் நின்று கேட்கிறேன். கதை ஒன்றுதான். புருஷன் குடிப்பான், தாசி வீட்டுக்குப் போவான், பெண்டாட்டியை எட்டி உதைப்பான். அவள் பதினாலாயிரம் அடி நீளத்துக்கு அழுவாள், பாட்டுப் பாடுவாள், சாமி முன்னால் மடிப்பிச்சை கேட்பாள். கடைசி ரீலில் அவன் நொண்டிக்கொண்டோ கண் தெரியாமலோ வந்து நிற்பான். அவள் அவன் காலில் விழுந்து எழுந்து குங்குமம் வைத்துக்கொள்வாள். மணி அடிக்கும், ஜனங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். சினிமா சொல்லித்தான் ராக்கு நடந்தாள் என்றால், அவள் இன்னும் எழுமலையில் கடைசி ரீலுக்குக் காத்துக்கொண்டல்லவா இருக்க வேண்டும்?

இதையே வீராப்பாக உன் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். ராக்கு அடுப்படியில் இடது கையால் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலேயே, "காத்துக்கிட்டுத்தானப்பா இருந்தேன், ஆறு வருசமா" என்றாள். "என்னத்தா சொல்லுற?" என்று கேட்டேன். "நீங்கதானப்பா சொன்னீக, அந்தப் படத்துல வர்ற வெள்ளக்காரத் துரைசாணி திரும்பிப் போயிட்டான்னு. நான் சின்னப் பிள்ளையா அம்மா மடியில உக்காந்து கேட்டேன். அடி வாங்குனாலும் அவ திரும்பிப் போனா, அப்புறம் நல்லா இருந்தான்னு சொன்னீக. ஒவ்வொரு தடவையும் அதத்தான் நெனச்சுக்கிருவேன்" என்றாள். குற்றம் சாட்டுகிற குரலில் சொல்லவில்லை. சும்மா, கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள்.

உனக்கும் அந்தப் படம் ஞாபகம் இருக்கும். உனக்கு அப்போது பத்து வயது, ராக்குவுக்கு ஏழு. படங்கள் பேசாத காலம். படத்தில் இங்கிலீஷில் எழுத்து வரும். பசுமலையில் எட்டாவது வரை படித்திருந்ததால் எனக்கு அது எழுத்துக் கூட்டிப் புரியும். திரைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு ஜனங்களுக்குத் தமிழில் கதை சொல்வதுதான் என் வேலை. அழ வேண்டிய இடத்தில் அழுவேன், சண்டைக்குத் தொடையைத் தட்டுவேன். அந்த வேலை போனதில் எனக்கு வருத்தம் கிடையாது, தொண்டை பிழைத்தது. ஆனால் அப்போது திரையில் யார் என்ன செய்தாலும், அதற்கு என்ன அர்த்தம் என்று தீர்மானித்தவன் நான்தான். அந்தப் படத்தில் ஒரு துரைசாணி. புருஷன் குடித்துவிட்டு அவளைப் போட்டு அடிப்பான். ஒருநாள் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியேறிவிடுவாள். கடைசியில் பனியில் நடந்து போய் ஒரு கதவைத் தட்டுவாள், கதவு திறக்கும், படம் முடிந்துவிடும். அது அவளுக்கு வேலை கொடுத்த ஒரு கிழவியின் வீடு. 'இனி நான் அங்கே திரும்பமாட்டேன்' என்று எழுத்தும் வரும்.

முதல் நாள் உள்ளதை உள்ளபடிதான் சொன்னேன். ஆண்கள் பக்கத்தில் ஒரே கூச்சல். "யோவ், எங்க வீட்டுப் பொம்பளைகளுக்கு என்னய்யா பாடஞ் சொல்லிக் குடுக்குற?" என்று ஒருவன் எழுந்தே நின்றுவிட்டான். மறுநாள் நான் மாற்றினேன். கொட்டகை முதலாளி மாற்றச் சொல்லவில்லை, போலீஸ் சொல்லவில்லை, எந்தச் சபையும் மனுப் போடவில்லை. நானாக மாற்றினேன். எழுத்து திரையில் எரிந்துகொண்டிருக்கும்போதே, "பாருங்கள் தாய்மார்களே, புத்தி வந்து புருஷன் வீட்டுக் கதவைத் தட்டுகிறாள் உத்தமி! திறந்தவள் மாமியார்! இனி அந்தக் குடும்பத்தில் சுபம்!" என்று கத்தினேன். கொட்டகையே அதிர்ந்தது. நேற்று கூச்சல் போட்டவனே சோடா வாங்கிக் கொடுத்து, "இதுண்ணே கதை" என்றான். அந்த மறுநாள்தான் உங்கள் இருவரையும் அம்மா கூட்டி வந்திருந்தாள். நீயும் கை தட்டினாய். பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அதை அன்றைக்கு நான் கவனித்தேன், ஆனால் அதைப் பற்றி யோசிக்கவில்லை. பதினைந்து நாள் அந்தப் படம் ஓடியது. பதினைந்து நாளும் அதே பொய்யைச் சொல்லிக் கைதட்டு வாங்கினேன்.

ஆகவே சினிமாவுக்குப் பொறுப்பே கிடையாதா அப்பா என்று நீ கேட்டால், இருக்கிறது என்றுதான் சொல்வேன், உன் சபையார் எல்லோரையும்விடச் சத்தமாகச் சொல்வேன். ஆயிரம் பேர் வாயைப் பிளந்து கேட்கிற இடத்தில் நிற்கிறவன், நான் சும்மா தமாஷ் காட்டினேன் என்று தப்பித்துக்கொள்ள முடியாது. ஆனால் நான் செய்த குற்றம் எது என்று பார். ஒழுக்கம் கெட்ட கதையைச் சொன்னதல்ல. உங்களுக்குப் பிடித்த ஒழுக்கத்துக்காக நடந்ததை மாற்றிச் சொன்னதுதான் குற்றம். உன் மனு, சினிமாக்காரர்கள் எல்லோரும் இனிமேல் அதையே செய்ய வேண்டும், சட்டமாகவே செய்ய வேண்டும் என்று கேட்கிறது. எனக்கு ஒரு சோடா கிடைத்தது, அவர்களுக்குச் சர்க்கார் முத்திரை கிடைக்கும். அவ்வளவுதானே வித்தியாசம்?

இன்னொன்றும் எழுதித் தொலைக்க வேண்டும். இதை எழுதாமல் விட்டால் நானும் எல்லாவற்றையும் திரைமேல் போட்டுவிட்டுத் தப்பிக்கிறவனாக ஆகிவிடுவேன். பேசும் படம் வந்து என் கதை சொல்லும் வேலை போன வருஷம், மழையில் கொட்டகை சரிந்து இருபது நாள் மெஷின் ஓடவில்லை. நான் வீட்டிலேயே கிடந்தேன். குழம்பில் உப்பு இல்லை என்று உன் அம்மாவை அடித்தேன். ஒரே அடிதான், ஆனால் அவள் உதடு கிழிந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரியிடம், "கதவுல இடிச்சுக்கிட்டேன்" என்றாள். நீ புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெளியே போனாய். ராக்கு போகவில்லை, அங்கேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த இருபது நாளும் நான் எந்தப் படத்தைப் பார்த்தேன், சொல்? எந்தச் சினிமா என் கையைத் தூக்கியது? கல்யாணமான மறு வருஷம் ராக்கு கன்னம் வீங்கி வந்து, "படியில விழுந்துட்டேம்ப்பா" என்றாள். அவள் வீட்டில் படியே கிடையாது, நான் போய்ப் பார்த்திருக்கிறேன். தெரிந்தும், பார்த்து நடத்தா என்று சொல்லி அனுப்பிவைத்தேன். இப்படி அனுப்பிவைத்ததற்கு உன் மனுவில் எந்தப் பிரிவில் தண்டனை?

என்னைக் கேள் மகனே. உன் அம்மாவை அடித்தாயே என்று கேள், பொய் சொன்னாயே என்று கேள், தெரிந்தே அனுப்பினாயே என்று கேள். நான் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறேன். எழுமலைக்குப் போய் அவன் சட்டையைப் பிடித்துக் கேள், அதுதான் அண்ணன்காரன் செய்கிற வேலை. இதையெல்லாம் கேட்க வேண்டிய வாயால், அடிபட்ட பெண்ணைப் பார்த்து நீ ஏன் சினிமாப் பார்த்தாய் என்று கேட்கிறாயே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. திரை ஒரு வெள்ளைத் துணி. அதன்மேல் விழுந்ததற்கு அதைக் காட்டியவன் பதில் சொல்லட்டும், அதற்கு அர்த்தம் சொன்ன நான் பதில் சொல்கிறேன். நம் வீட்டுக்குள் நடந்ததற்கு நாம்தான் பதில் சொல்ல வேண்டும்.

நீ கேட்ட மூன்றுக்கும் பதில் எழுதி முடிக்கிறேன். கொட்டகை வேலையை விடமாட்டேன். ராக்குவை அனுப்பமாட்டேன். அவளிடமே இதைச் சொன்னேன். "அந்தத் துரைசாணி திரும்பிப் போகலத்தா. நான் பொய் சொன்னேன். அவ வேற வீட்டுக் கதவத்தான் தட்டுனா" என்றேன். "அப்புறம் நல்லா இருந்தாளாப்பா?" என்றாள். படம் அதோடு முடிந்துவிட்டது, எனக்குத் தெரியாது என்றேன். இந்த முறை உண்மையைச் சொன்னேன்.

மூன்றாவது, மணவறை. முதல் முடிச்சு உன்னுடையது, மற்ற இரண்டும் நாத்தனாருடையவை. இரவல் தங்கை நம் வீட்டு வழக்கத்தில் இல்லை. இந்தக் கடிதம் எழுத ஆரம்பித்தபோது பொறுமையாக எழுதச் சொன்ன உன் அம்மா, இப்போது பின்னால் நின்றுகொண்டு சொல்கிறாள்: "ராக்கு போடாத முடிச்சு என் மருமகளுக்கு வேணாம். அவ வரக்கூடாதுன்னா நானும் வரலன்னு எழுதுங்க." அப்படியே எழுதிவிட்டேன். உன் வருங்கால மாமனாரிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு. அவர் வேண்டாம் என்றால் இப்போதே சொல்லட்டும்.

இன்னொரு விஷயம். ராக்குவுக்கு உன் கடிதத்தை நான் வாசித்துக் காட்டவில்லை. அவளுக்குக் கல்யாணத் தேதி மட்டும்தான் தெரியும். தினமும் காலையில் ஜன்னல் கம்பியில் மஞ்சள் கயிறு ஒன்றைச் சுற்றி, மடங்காத அந்த இரண்டு விரலோடு முடிச்சுப் போட்டுப் பழகிக்கொண்டிருக்கிறாள். முதலில் நழுவிக்கொண்டே இருந்தது, இப்போது பிடிக்கிறது. கொஞ்சம் நேரமாகும், அவ்வளவுதான். மேளக்காரரிடம் நானே சொல்லிவிடுகிறேன், மூன்றாவது முடிச்சு விழுகிறவரை கெட்டி மேளத்தை நிறுத்த வேண்டாம் என்று.

இப்படிக்கு,
உன் அப்பா